நட்சத்திரம் என்ன சொல்கிறது?

இரவையும் பகலையும் மாறி மாறி வரச் செய்யும் வல்ல நாயனைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறோம்.



நம் வீடுகளில் நிக்காஹ் பேச்சு எழுகிறது. மாப்பிள்ளை தொழுகையாளி, ஹலாலான தொழில் செய்கிறார், குடும்பமும் நல்ல குடும்பம். பெண்ணைப் பெற்றவருக்கும் மனம் நிறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் மெல்ல ஒரு வார்த்தை போடுகிறார்: "எதற்கும் ஒரு தடவை பார்த்து விடுவோமே!" பெயருக்கு எண் கணக்குப் போட்டு, நட்சத்திரம் பார்த்து, பால்கிதாபு விரித்து, "இந்த இடம் பொருந்தாது" என்று ஒருவர் சொல்லி விடுகிறார். கூடி வந்த காரியம் கலைந்து போகிறது. இப்படிக் கலைந்த பேச்சுகளால் ஆண்டுக் கணக்கில் வீட்டிலேயே தங்கிவிட்ட குமர்கள் நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகள் இரவில் தலையணையில் வடிக்கும் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?

கிரகணம் வந்தாலும் இதே கதைதான். கர்ப்பமாயிருக்கும் பெண்ணை அறைக்குள் அடைத்து வைத்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "பிள்ளைக்குப் பழுது வந்து விடும்" என்று பயமுறுத்துகிறோம். ஐந்து வேளை தொழுகிற வீட்டில், கலிமாச் சொல்லிக் குழந்தையைத் தாலாட்டுகிற வீட்டில், இது நடக்கிறது.

நட்சத்திரம் பேசுமா? பேசும். நாம் அதை மறுக்க வரவில்லை. அல்லாஹுத் தஆலா அதற்கு ஒரு மொழியைக் கொடுத்திருக்கிறான். அந்த மொழியின் பெயர் ஒளி. ஆனால் நட்சத்திரம் அந்த மொழியில் எதைச் சொல்கிறது, யாரைப் பற்றிச் சொல்கிறது என்பதைத்தான் நாம் அறியாமல் இருக்கிறோம். இம்மாதம் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அடுப்பில் தெரியும் அத்தாட்சி

சமையல் கட்டில் இருக்கும் தாய்மார்கள் இதைப் பலமுறை கண்டிருப்பார்கள். கேஸ் அடுப்பின் சுடர் நீலமாக எரிந்து கொண்டிருக்கும். உப்புப் போட்டுக் கொதிக்கிற கஞ்சி பொங்கி வழிந்தால், அந்த நீலச் சுடர் பளிச்சென்று மஞ்சளாக மாறும். ஏன்? உப்பில் ஸோடியம் என்ற மூலப்பொருள் இருக்கிறது. சூடேறிய ஸோடியம் எப்போதும் அந்த ஒரே மஞ்சளைத்தான் வெளியிடும். நம் வீட்டு அடுப்பிலும் அதே மஞ்சள். மக்காவில் மூட்டிய அடுப்பிலும் அதே மஞ்சள். செம்பைச் சுடரில் காட்டினால் பச்சை தெரியும். மத்தாப்பில் தெரியும் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் என்ற பொருள் தரும் சிவப்பு. ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் அல்லாஹ் ஒரு தனி அடையாளத்தை வைத்திருக்கிறான். ஒன்றின் அடையாளம் மற்றொன்றுக்கு வராது. மனிதர்களின் கைரேகை ஒருவருக்கொருவர் வேறுபடுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இதன் காரணத்தையும் அறிஞர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி நீல்ஸ் போர் 1913-ல் இதற்கு வழி காட்டினார். அணுவின் நடுவில் கரு; அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள். மாடிப் படியில் ஏறுகிறவர் முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது. எலெக்ட்ரானின் நிலையும் அதுதான். மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது, அந்த இறக்கத்தின் அளவுக்கு ஏற்ற நிறத்தில் ஒளி வெளிப்படுகிறது. கீழிருந்து மேலே ஏற வேண்டுமானால், அதே நிற ஒளியை அது விழுங்கிக் கொள்கிறது. ஒரு வீட்டின் படிக்கட்டு அளவு மற்றொரு வீட்டுக்குப் பொருந்துவதில்லை அல்லவா? அது போலவே ஒவ்வொரு மூலப்பொருளின் படிக்கட்டும் வேறு; ஆகவே ஒளியும் வேறு.

சூரியனில் தெரிந்த கறுப்புக் கோடுகள்

சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால் அது வானவில்லைப் போல் ஏழு நிறமாக விரியும். இதைப் பலரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஜெர்மனி நாட்டில் யோஸஃப் ஃபிரௌன்ஹோஃபர் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்த யதீம். கண்ணாடி வேலை கற்றுக்கொள்ளச் சென்ற இடத்தில் 1801-ல் கட்டடம் இடிந்து விழுந்து, இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர். அவர் 1814-ல் சூரியனின் நிறமாலையை மிக நுட்பமாக ஆராய்ந்தபோது, அந்த நிறங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பதைக் கண்டார். ஒன்றல்ல, இரண்டல்ல, 500-க்கும் மேற்பட்ட கோடுகளை எண்ணிக் குறித்து வைத்தார். அவை என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. 39 வயதில், காசநோயால், அதை அறியாமலேயே அவர் உலகை விட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் பிரான்ஸ் நாட்டின் பெரிய தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட், 1835-ல் ஒரு தீர்ப்பையே எழுதி விட்டார். நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருக்காலும் அறிய முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அங்கே போக முடியாது, தொட முடியாது, ஒரு துண்டு எடுத்து வந்து பரிசோதிக்க முடியாது. பிறகு எப்படி அறிவது என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 24 ஆண்டுகளில், 1859-ல், ஹைடல்பர்க் நகரில் கிர்ச்சாஃப் என்ற பேராசிரியர் தம் நண்பர் புன்ஸனுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில் அந்தக் கறுப்புக் கோடுகளின் பொருளை வாசித்து விட்டார்.

சூரியனில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள். அடுப்பில் உப்பு தரும் மஞ்சளும் சரியாக அதே இடத்தில்தான் விழுகிறது! அதாவது, சூரியனின் உள்ளிருந்து எல்லா நிறமும் புறப்படுகின்றன. அதன் மேற்புறத்தில் ஆவியாக இருக்கும் ஸோடியம், தனக்குரிய மஞ்சளை மட்டும் விழுங்கிக் கொள்கிறது. அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. இப்படியே இரும்பின் கோடுகள், கால்ஷியத்தின் கோடுகள், ஹைட்ரஜனின் கோடுகள் எல்லாம் அடையாளம் காணப்பட்டன. சுமார் 15 கோடி கிலோ மீட்டர் தூரத்திலிருந்து எட்டேகால் நிமிடத்தில் வந்து சேரும் ஒளி, தான் புறப்பட்ட இடத்தின் விவரம் அனைத்தையும் சுமந்து வந்து சாட்சி சொல்கிறது.

ஒரு கிரகணம் கொடுத்த பாடம்

இனி நாம் சொல்லப் போவது நம் நாட்டிலேயே நடந்தது. 1868-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ம் நாள், முழுச் சூரிய கிரகணம் ஒன்று இந்தியாவின் குறுக்கே சென்றது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்குப் பிரான்ஸிலிருந்து ஜான்ஸன் என்ற அறிஞர் வந்து காத்திருந்தார். சென்னை வானாராய்ச்சி நிலையத்திலிருந்து போக்ஸன் என்பவர் மசூலிப்பட்டினம் போயிருந்தார். ஊரெங்கும் மக்கள் கதவை அடைத்துக் கொண்டு உள்ளே இருந்த அந்தச் சில நிமிடங்களில், இவர்கள் தங்கள் கருவிகளைச் சூரியனை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள்.

சூரியனின் வட்டம் மறைந்ததும் அதன் விளிம்பில் நெருப்புச் சுடர்கள் தெரிந்தன. அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஹைட்ரஜனின் கோடுகள் பளிச்சென்று நின்றன. கூடவே மஞ்சளில் ஒரு கோடு. ஸோடியத்தின் கோட்டுக்கு மிக அருகில் இருந்தது; ஆனால் ஸோடியம் அல்ல. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர் கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைக் கண்டார். பூமியில் அறியப்பட்ட எந்தப் பொருளுக்கும் அந்த அடையாளம் இல்லை. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் சூட்டினார்கள். பலர் நம்பவில்லை. 27 ஆண்டுகள் சென்றன. 1895-ல் லண்டனில் வில்லியம் ராம்ஸே, யுரேனியம் கலந்த ஒரு கல்லிலிருந்து வெளிப்பட்ட வாயுவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அதே மஞ்சள் கோடு! சூரியனில் முதலில் அறியப்பட்ட பொருள், நம் காலடியில் இருந்த கல்லுக்குள்ளும் இருந்தது.

சகோதரர்களே! கிரகணத்தைப் பீடை என்று பயந்தவர்களுக்கு அன்று கிடைத்தது என்ன? இருட்டறை. அதை அத்தாட்சி என்று பார்த்தவர்களுக்கு ஒரு புதிய உண்மை கிடைத்தது.

இந்த இடத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 10-ம் ஆண்டு. அன்னை மாரியா (ரலி) அவர்கள் பெற்றெடுத்த அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாள். அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். பொய்யர் ஒருவராக இருந்தால் இந்தப் பேச்சைத் தமக்குச் சாதகமாக ஆக்கியிருப்பார். குறைந்தது, மௌனமாகவாவது இருந்திருப்பார். பிள்ளையை இழந்த துக்கத்திலும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த எண்ணத்தை அப்போதே திருத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை. அதைக் கண்டால் தொழுங்கள், துஆச் செய்யுங்கள் என்ற கருத்தில் அவர்கள் அருளியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. நபியின் பிள்ளைக்காகவே இருளாத சூரியன், நம் வீட்டுப் பிள்ளையின் உதட்டைப் பிளக்கவா கிரகணம் பிடிக்கிறது? சிந்திக்க வேண்டாமா?

வணங்கப்பட்ட ஷிஃரா

வானத்தில் தெரியும் நட்சத்திரங்களில், சூரியனை விட்டால், மிகப் பிரகாசமானது ஷிஃரா. ஆங்கிலத்தில் சிரியஸ் என்பார்கள். மார்கழி, தை மாதங்களில் இரவில் மொட்டை மாடிக்குப் போனால், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காணலாம். அந்த வரிசையைக் கீழ் நோக்கி நீட்டினால் வெண்மையாகச் சுடர் விடுவது அதுதான். ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளில் குஸாஆக் கூட்டத்தார் இதை வணங்கி வந்தார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். நட்சத்திரத்தின் பெயரையே தாங்கிய அந்நஜ்மு அத்தியாயத்தில், அந்த ஷிஃராவுக்கும் இறைவன் அல்லாஹ்தான் என்று பெயர் குறிப்பிட்டே சொல்லப்படுகிறது.

அந்த ஷிஃராவின் ஒளி தன்னைப் பற்றி என்ன சொல்கிறது? அதன் நிறமாலையில் ஹைட்ரஜனின் கோடுகள் அழுத்தமாக இருக்கின்றன. அதன் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 10,000 டிகிரி. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெளுப்பதைப் பார்த்திருக்கிறோம். நட்சத்திரத்தின் நிறமும் அதன் சூட்டைச் சொல்லி விடும். செந்நிறமானது சூடு குறைந்தது. நீலம் கலந்த வெண்மையானது சூடு மிகுந்தது. அதன் தூரம் எட்டரை ஒளியாண்டுக்குச் சற்று மேல். வினாடிக்கு மூன்று லட்சம் கிலோ மீட்டர் ஓடும் ஒளிக்கே அத்தனை ஆண்டு தேவை. ஆக, இன்றிரவு நாம் காணும் ஷிஃரா, எட்டரை ஆண்டுகளுக்கு முன்பிருந்த ஷிஃரா.

அது நகர்வதையும் ஒளியே சொல்கிறது. ரயில் வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கூர்மையாகவும், கடந்து போனபின் தாழ்ந்தும் கேட்கும். அது போலவே, நெருங்கி வரும் நட்சத்திரத்தின் கோடுகள் நீலப் பக்கமும், விலகிப் போவதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். குண்டூரில் கிரகணம் பார்த்த அதே 1868-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் இந்த முறையை முதன்முதலில் ஷிஃராவின் மீதுதான் பயன்படுத்திப் பார்த்தார். அது வினாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோ மீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கி வருவதை இன்றைய கருவிகள் காட்டுகின்றன. நமது கோடைக்கானல் மலையிலுள்ள வானாராய்ச்சி நிலையத்திலும், 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் இப்படிக் கோடுகள் நகர்வதைப் பார்த்துத்தான், சூரியப் புள்ளிகளுக்குள் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார்.

இன்னும் கேளுங்கள். ஷிஃராவுக்கு ஒரு துணை நட்சத்திரம் உண்டு. 1862-ல் தூரதரிசினி வழியாக அதைக் கண்டார்கள். 1915-ல் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்த ஆடம்ஸ் என்பவர் திகைத்துப் போனார். மங்கலாகத் தெரிகிறதே, சூடு தணிந்ததாக இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். ஒளியோ, கடும் சூடு என்று சாட்சி சொன்னது. அப்படியானால் அது மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சூரியனின் எடை, பூமியை விடச் சற்றுச் சிறிய உருவம்! அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை இருக்கும். ஒரு காலத்தில் சுடர் விட்டு எரிந்த நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்து, சுருங்கி, இப்போது கங்காகக் கிடக்கிறது. ஒரு கூட்டத்தார் கடவுள் என்று வணங்கியதற்குப் பக்கத்திலேயே இறந்து போன நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. ஷிஃராவுக்கும் ஒரு நாள் அந்த முடிவு வரும்.

நம் சூரியனும் இதற்கு விலக்கல்ல. அது ஒவ்வொரு வினாடியும் தன் எடையில் சுமார் 40 லட்சம் டன்னை ஒளியாக்கிச் செலவிடுகிறது. அதன் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு. இன்னும் 500 கோடி ஆண்டு அளவுக்கு அதில் எரிபொருள் உண்டு என்று கணக்கிடுகிறார்கள். கணக்கு எத்தனை பெரிதாக இருந்தாலும், தீரக் கூடியது தீரக் கூடியதுதான்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் ஒவ்வொன்றாகச் சுட்டி, மறையக் கூடியது ரப்பாக இருக்க முடியாது என்று உணர்த்திய வரலாறு அல்அன்ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அவர்களிடம் முப்பட்டைக் கண்ணாடி இல்லை. மறைகிறது என்ற ஒரே அத்தாட்சி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இத்தனை அத்தாட்சி கைக்கு வந்த பிறகும் நாம் நாள் நட்சத்திரம் பார்த்துக் கொண்டிருந்தால், நம் நிலை என்ன?

நம் இரத்தத்திலும் அதே இரும்பு

சூரியனில் இரும்பின் கோடுகள் இருப்பதைச் சொன்னோம். வளர்ந்த ஒரு மனிதனின் உடலில் சுமார் நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. நம் இரத்தத்தைச் சிவக்க வைப்பது அது. இரும்பும், எலும்பிலுள்ள கால்ஷியமும், நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனும், பூமியும் சூரியனும் உருவாவதற்கு முன்னே வாழ்ந்து முடிந்த நட்சத்திரங்களின் வயிற்றில் சமைக்கப்பட்டவை என்பது இன்றைய விஞ்ஞானத்தின் முடிவு. ஆக, நட்சத்திரமும் நாமும் ஒரே சரக்கால் ஆனவர்கள். அதுவும் மக்லூக், நாமும் மக்லூக். ஒரு படைப்பு மற்றொரு படைப்பின் தலையெழுத்தை எப்படி எழுதும்? ஒளிக்குள் எத்தனை நுட்பமாகத் தேடினாலும் அங்கே கிடைப்பது ஹைட்ரஜன், ஹீலியம், இரும்பு, வெப்பம், வேகம் ஆகியவைதான். நம் மகளின் நிக்காஹ் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. நம் கடையின் இலாப நஷ்டமும் அங்கே இல்லை.

ஓர் எச்சரிக்கை

இங்கே மேடையில் பேசும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விஞ்ஞானச் செய்தி ஒன்று கிடைத்தவுடன், "இது குர்ஆனில் அன்றே சொல்லப்பட்டு விட்டது" என்று அவசரப்பட்டு முடிச்சுப் போடுவது நம்மிடையே வழக்கமாகி விட்டது. இதில் நிதானம் தேவை.

காரணத்தைச் சொல்கிறோம். சூரியனில் இரும்பின் கோடுகள் நிறைய இருப்பதைக் கண்ட விஞ்ஞானிகள், சூரியனும் பூமியைப் போன்ற கலவைதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1920-ல் நம் நாட்டு அறிஞர் மேகநாத் சாஹா, சூட்டுக்கு ஏற்ப அணுக்களின் கோடுகள் எப்படி வலுப்பதும் மங்குவதும் நிகழ்கின்றன என்பதற்கு ஒரு சமன்பாடு கண்டார். அதைக் கையில் வைத்துக் கொண்டு ஸிஸிலியா பெய்ன் என்ற 25 வயதுப் பெண், 1925-ல், சூரியனில் மிகப் பெரும் பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்று கணக்கிட்டுக் காட்டினார். அக்காலத்துப் பெரிய அறிஞர் ரஸ்ஸல், இது நடக்க முடியாதது என்றார். அந்தப் பெண்ணும் தம் முடிவு உண்மையாக இருக்க முடியாது என்ற பொருளில் தம் ஆராய்ச்சி நூலிலேயே எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1929-ல், அதே ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, அந்தப் பெண் சொன்னதை ஏற்றுக் கொண்டார். இன்று, சூரியனின் எடையில் முக்காற் பங்கு அளவு ஹைட்ரஜன், மீதியில் பெரும் பகுதி ஹீலியம் என்பது உறுதிப்பட்ட செய்தி.

1925-க்கு முன் ஒருவர், சூரியன் பூமியைப் போன்ற கலவை என்பதை ஓர் ஆயத்தோடு இணைத்து மேடையில் முழங்கியிருந்தால், பின்னால் அவர் நிலை என்னவாகியிருக்கும்? மனிதனின் அறிவு திருத்தப்பட்டுக் கொண்டே போவது. அதில் குற்றமில்லை, அதுதான் அதன் நேர்மை. அல்லாஹ்வின் கலாமோ திருத்தத்துக்கு உட்பட்டதன்று. மாறுவதை மாறாததன் மீது ஆணியடித்து மாட்ட வேண்டாம். படைப்பை ஆராய்ந்து படைத்தவனின் வல்லமையை உணருங்கள் என்று மறை நம்மைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதலே நமக்குப் போதும்.

முன்னோர் பிரித்து வைத்த இரு கல்விகள்

"அப்படியானால் நட்சத்திரக் கல்வியே கூடாதா?" என்று சிலர் கேட்கக் கூடும். கூடும், தாராளமாகக் கூடும். நம் முன்னோர்கள் வானத்தின் கணக்கை அறியும் இல்முல் ஃபலக்கை ஒரு புறமும், நட்சத்திரத்தைக் கொண்டு பலன் சொல்லும் ஜோதிடத்தை மறு புறமும் பிரித்து வைத்தார்கள். முன்னது தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் கடற்பயணத்துக்கும் தேவைப்பட்டது. பின்னதை உலமாக்கள் கண்டித்தார்கள். இப்னு ஸீனா அதை மறுத்துத் தனி நூலே எழுதினார். திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்லும் முவக்கித்தாக இருந்தவர், பெரும் வானவியல் அறிஞர் இப்னு ஷாத்திர். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம், ஒளி கண்ணிலிருந்து புறப்படவில்லை, பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதைத் தம் கிதாபுல் மனாழிரில் ஆதாரத்தோடு நிலை நாட்டினார். பொருளிடமிருந்து ஒளி வருகிறது என்று தெரிந்த பிறகல்லவா, அந்த ஒளியிடம் பொருளைப் பற்றி விசாரிக்க முடியும்! இன்றும் உலகம் அல்தபரான், ரிஜில், அல்தாயிர் என்று நட்சத்திரங்களை நம் முன்னோர் வழங்கிய பெயர்களின் சாயலிலேயே அழைக்கிறது. நம் கரையோர ஊர்களின் மரைக்காயர்களும் நட்சத்திரம் பார்த்துத்தான் கடல் கடந்தார்கள். அவர்கள் அதனிடம் கேட்டது திசையை, விதியை அல்ல.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகள் வானத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் ஆராய 2015-ல் அஸ்ட்ரோஸாட் என்ற செயற்கைக் கோளையும், சூரியனை ஆராய 2023-ல் ஆதித்யா எல்-1 கலத்தையும் நம் நாடு விண்ணில் ஏவியது. அங்கெல்லாம் நம் பிள்ளைகளும் போய் உட்காரட்டும். ஆண் பிள்ளைகள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, எதிர்காலத்தை அறிவதாகச் சொல்பவனிடம் போய்க் கேட்பதை இன்றோடு நிறுத்துவோம். அப்படிப் போய்க் கேட்பவரின் நாற்பது இரவுத் தொழுகை ஒப்புக் கொள்ளப்படாது என்ற எச்சரிக்கை முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று பத்திரிகையில் ராசி பலன் பார்ப்பதும் அந்த வாசற்படியில் கால் வைப்பதுதான்.

இரண்டாவது, நிக்காஹ், வியாபாரம், பயணம் போன்றவற்றில் மனம் தடுமாறினால் அதற்கு நமக்கு ஒரு வழி தரப்பட்டிருக்கிறது. இஸ்திகாரா! குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல நாயகம் (ஸல்) அவர்கள் எங்களுக்கு இதைக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டு ரக்அத் தொழுது, அந்த துஆவை ஓதி, விவரம் தெரிந்த பெரியவர்களிடம் மஷூராவும் கேட்டு, அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து இறங்குங்கள். மாப்பிள்ளையின் தீனையும் குணத்தையும் விசாரியுங்கள். பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள். விசாரிக்க வேண்டிய இடம் அது.

மூன்றாவது, கிரகணம் வரும்போது கிரகணத் தொழுகையை உயிர்ப்பிப்போம். இரண்டு ரக்அத். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூஉ செய்வது சிறப்பு; ஹனஃபி மத்ஹபில் மற்றத் தொழுகைகளைப் போல ஒரே ருகூஉ. தொழுது, துஆவிலும் ஸதக்காவிலும் ஈடுபடுவோம். கர்ப்பிணிகள் வழக்கம் போல் உண்ணட்டும், பருகட்டும், மருந்து சாப்பிடட்டும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கர்ப்பிணியானாலும் மற்றவரானாலும் சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. அது கண்ணைக் கெடுத்து விடும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. தொலைவில் எரியும் நட்சத்திரம் தன் உள்ளே இருப்பதை ஒளித்து வைக்க முடியவில்லை. அதன் ஒளியே அதைக் காட்டிக் கொடுத்து விடுகிறது. நாளை மஹ்ஷரில் நம் நாவும் கையும் காலும் நாம் செய்தவற்றுக்குச் சாட்சி சொல்லும் என்று மறை எச்சரிக்கிறது. நட்சத்திரத்தில் நம் விதியைத் தேடி அலைந்த நேரத்தை, நம் உள்ளத்தில் என்ன எரிகிறது என்று பார்ப்பதில் செலவிட்டால் அது நமக்கு உதவும். அங்கே ஈமான் எரிகிறதா, பொறாமை எரிகிறதா, துன்யாவின் ஆசை எரிகிறதா? நம் பேச்சிலும், கொடுக்கல் வாங்கலிலும், வீட்டில் மனைவி மக்களிடம் நடந்து கொள்வதிலும் அது வெளியே தெரிந்து விடும்.

யா அல்லாஹ்! உன் படைப்பைப் பார்த்து உன்னை அறியும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! படைப்புகளுக்குப் பயப்படுவதிலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாற்றுவாயாக! எங்கள் குமர்களுக்கு ஸாலிஹான துணைகளை இலேசாக்கித் தருவாயாக! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், எங்கள் கல்புகளுக்கு ஈமானின் ஒளியையும் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.